கரமனையில் ஒரு கடுவன்

பூனையைக் கொல்வது மகாபாவம் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் கொன்றதில்லை. சாக்கில் போட்டுக் கட்டி, பாலம் தாண்டிப் போய், கரமனை ஆற்றின் அக்கரையில் அவிழ்த்துவிட்டு வருவார்கள். தண்ணீரைக் கடந்துவிட்டால் பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது என்று நம்பிக்கை. அக்கரைக்காரர்களுக்கும் இதே பாவபயமும் இதே நம்பிக்கையும் இருந்தன. அவர்கள் தங்கள் பூனைகளை இக்கரையில் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் அக்கிரகாரத்தில் பூனைகள் குறையவே இல்லை, முகங்கள்தான் மாறின.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பத்து வயது. அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, மலையாளம் பேசும் இந்த ஊருக்கு வந்தவள். மலையாளம் நன்றாகவே புரியும், ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கீரைக்காரியிடம் தமிழிலேயே பேரம் பேசுவாள், அவள் மலையாளத்தில் பதில் சொல்வாள், கீரை எப்படியோ வீட்டுக்கு வந்துவிடும்.

அம்மாவுக்கு அந்தச் சாக்கைக் கண்டாலே ஆகாது. ஒரு தடவை, குட்டி போட்டு இரண்டு நாளே ஆன பூனையை யாரோ அக்கரையில் விட்டுவிட்டார்கள். எங்கள் விறகு அறையில் அதன் நாலு குட்டிகளும் கத்திக் கத்தி ஓய்ந்துபோயின. அதிலிருந்து தினமும் மத்தியானம் எங்கள் சாப்பாடு ஆனதும், கொல்லையில் கிணற்றடிக் கல்லில் மோர்சாதம் பிசைந்து வைப்பாள். "வயிறு நெறஞ்சா அது எதுக்கு அடுக்களைக்கு வரப்போறது?" என்பாள். அவள் கணக்குத் தப்பவில்லை. ஒரே ஒரு கடுவனைத் தவிர.

கடுவன் என்றால் ஆண் பூனை. இவன் செம்பட்டை நிறம், ஒரு காது கிழிந்தவன். பால் பாத்திரத்தை உருட்டுவான், மற்ற பூனைகளின் குட்டிகளைக் கடித்துக் கொல்வான். இரண்டு தடவை அக்கரைக்குப் போய், இரண்டு தடவையும் பாலத்தின் வழியாக நடந்தே திரும்பி வந்த மகாராஜா. மிருக ஆஸ்பத்திரியில் காயடித்து விட்டால் இதெல்லாம் அடங்கிவிடும், எழுதிக் கேட்டால் ஆள் அனுப்பிப் பிடித்துப் போவார்கள் என்று அப்பா ஆபீஸில் விசாரித்து வந்து சொன்னார். பூனைக்காக மனு எழுத அவருக்கு நேரமில்லை. அம்மா சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த நான் எழுதினேன்.

அப்போது என்னிடம் ஒரு சூத்திரம் இருந்தது. தமிழ் வார்த்தையின் வாலைக் கொஞ்சம் வெட்டினால் மலையாளம். மழை, மழ. தலை, தல. அப்படியானால் கடுவன், கடுவ. "எங்கள் தெருவில் ஒரு கடுவ உண்டு. குட்டிகளைக் கொல்கிறது. தயவுசெய்து வந்து பிடித்துப் போகவும்" என்று மலையாளத்தில் எழுதி, கீழே அம்மாவைத் தமிழில் கையெழுத்துப் போட வைத்துத் தபாலில் சேர்த்தேன். மலையாளத்தில் கடுவ என்றால் வரிப்புலி. குட்டி என்றால் மனிதக் குழந்தை. உனக்கு அது தெரியாதா என்று கேட்டால், தெரியும். எழுதும்போது உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி அட்டெண்டர் ஒருவரும், துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். மிருகக்காட்சிசாலையில் முதலில் விசாரித்தார்களாம். அங்கே எல்லாப் புலியும் கூண்டுக்குள் பத்திரமாக இருந்ததாம்.

"குட்டிகளெக் கொன்ன கடுவ எவிடெ?" என்றார் போலீஸ்காரர்.

தெருவே எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டது. அம்மா சுவரைக் காட்டினாள். அதன்மேல் கடுவன் வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

"இதாணோ கடுவ?"

ஒரே சிரிப்பு. போலீஸ்காரர் முகம் சிவந்துவிட்டது. அப்போது எதிர்வீட்டு மாமா, சாக்குக் கட்டுவதில் முன்னால் நிற்பவர், மெதுவாக ஆரம்பித்தார். "வந்தது வந்துட்டேள், அதை ஒரு வழி பண்ணிட்டுப் போங்கோளேன்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நமக்குப் பாவமில்லை கேட்டேளா, சுடறது அவராக்கும்" என்றார். நாலைந்து தலைகள் ஆடின.

போலீஸ்காரர் தோளிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். விளையாட்டுக்கா, நிஜமாகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "ஆருடெ பூச்சயா இது?" என்று கேட்டார். யாருடைய பூனை? தெருப் பூனைக்கு யார் சொந்தம் கொண்டாடுவார்கள்?

அம்மா குளித்துப் பூஜைக்கு மடி உடுத்தியிருந்தாள். அந்த நேரத்தில் எங்களைக்கூட மேலே பட விடமாட்டாள். அவள் கிணற்றடிக் கல்லில் ஏறிக் கடுவனை இரண்டு கையாலும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் சும்மா இருப்பானா? முழங்கைவரை கிழித்துவிட்டான். அவள் பிடியை விடவில்லை.

"என்டெ" என்றாள். என்னுடையது. என் காதில் விழ அம்மா பேசிய முதல் மலையாளம் அதுதான்.

போலீஸ்காரர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். கடுவன் அட்டெண்டரின் கூடைக்குள் போனான். "ஊரைச் சிரிக்க வச்ச இந்தக் காயிதத்தை எழுதினது ஆரு?" என்று எதிர்வீட்டு மாமா விடாமல் கேட்டார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நேக்குத்தான் பாஷை தெரியாதே" என்றாள் அம்மா.

மறுபடியும் சிரித்தார்கள். நான் வெளியே வரவில்லை.

கூடையில் போன நாலாம் நாள் கடுவன் பரம சாதுவாகத் திரும்பி வந்தான். பிறகு வந்த வருஷங்களில் இன்னும் மூன்று கடுவன்கள் அப்படிப் போய் வந்தன. சாக்குக்கு வேலையில்லாமல் போயிற்று. மத்தியானங்களில் மோர்சாதத்தைச் சுற்றி ஐந்தாறு வால்கள் நிமிர்ந்து நிற்க, அம்மா அவற்றைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த அரைமணி நேரம் ஒரு தடவை திரும்பக் கிடைக்காதா என்று இந்த வயதிலும் ஏங்குகிறேன்.

ஆனால் நினைப்பு எப்போதும் போய் நிற்பது போலீஸ்காரர் வந்துபோன அந்த நாள் சாயங்காலத்தில்தான். அம்மா கையில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "அந்த அட்டெண்டர் போறச்சே ஒண்ணு சொன்னான், கேட்டியா? காயிதத்துல எழுத்து முத்து முத்தா இருக்காம்."

நான் ஓவென்று அழுதேன்.