களைக்கொல்லி நட்ட கோரை

களைக்கொல்லி என்று ஒரு மனுஷனுக்குச் சும்மா பட்டப்பெயர் வருமா? முப்பது வருஷமாக அவருடைய ஒன்பது ஏக்கரில் பயிரைத் தவிர வேறெதுவும் தலைகாட்டியதில்லை. அதிலும் கோரை அவருக்குப் பரம எதிரி. கண்ணில் பட்டால் குனிந்து, கிழங்கோடு பிடுங்கி, வேர் மேலே பார்க்க வரப்பில் அடுக்கிவிட்டுத்தான் மறுவேலை. கல்யாணத்துக்குப் போகிற வழியில், புதுச் சட்டையோடு அடுத்தவர் வயலில் இறங்கிப் பிடுங்கியவர் அவர்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் கோரையைக் காக்கிற வேலை வந்து சேர்ந்தது. எங்கோ ஒரு சதுப்பு நிலத்தை மூடி அகலச் சாலை போட்டார்கள். மூடியதற்கு ஈடாக இன்னொரு சதுப்பை உண்டாக்கித் தரவேண்டும் என்பது சட்டம். தாழ்வான நிலம் தேடி வந்த சாலைக் கம்பெனி இவருடைய வயலைக் கேட்டது. முழங்கால் வலி, மண்ணில் இறங்க மனசில்லாத மகள், விற்றுவிட்டார். வயலோரத்து வீட்டில் மனைவியோடு காவலுக்கு இருப்பேன் என்று மட்டும் நிபந்தனை போட்டார். கம்பெனியும் ஒன்று சொன்னது. மூன்றாவது பருவத்துக்குள் ஒரு ஜோடி நீர்க்கோழியாவது அங்கே கூடு கட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் ஈடாகச் செல்லாது, வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

வடிகாலை அடைத்தார்கள். தண்ணீர் நின்றது. கணக்கெடுக்க வரும் பெண் அதிகாரி நாலாயிரம் கோரை நாற்று நட வைத்தார். 'சதுப்பு மேடம்' என்று மனைவி அவருக்குப் பெயர் வைத்தாள். கோரைக்கு நாற்றா என்று களைக்கொல்லி தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு பருவம் ஒரு கோழியும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவதுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலை, வயலில் நின்றவரை மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"வீடு போச்சுன்னா எங்கேப்பா போவீங்க? இங்க வந்துடுங்க."

"மாடி வீட்ல நான் என்னம்மா பண்ணுவேன்?"

காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடித்துத் திரும்பினால், அடர்ந்து நின்ற கோரையில் ஓர் அறை அகலத்துக்கு மொட்டை. பிடுங்கியதெல்லாம் வேர் மேலே பார்க்க வரப்பில் அடுக்கியிருந்தது. எவன் செய்தான் என்று சுற்றுமுற்றும் பார்த்தவர், சேறு அப்பிய தன் கையைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி ஓடி வந்தாள். "மாடு மேஞ்சிடுச்சுன்னு சொல்லிடுங்க."

"எந்த மாடு பிடுங்கி வரிசையா அடுக்கி வைக்கும்?"

மறுநாள் மேடம் வந்ததும் அவரே போய் நின்றார். "நான்தான் மேடம். தெரிஞ்சு செய்யல. பழகின கை, அதுபாட்டுக்குச் செஞ்சிடுச்சு."

மேடம் நோட்டைத் திறந்தார். "நான் இதை எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க."

"பிடுங்கினதை நீங்களே திருப்பி நட்டுடுங்க."

இரண்டு நாள் முழங்கால் வலியோடு நட்டார். எதிரி வீட்டு வாசலில் போய் மன்னிப்புக் கேட்பதுபோல அவமானமாக இருந்தது. ஆனால் ஒரு தூர்கூடச் சாகவில்லை. பிழைத்துக்கொண்டதைப் பார்த்தபோது அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மூன்றாவது பருவத்தின் கடைசிக் கணக்கெடுப்பு. பாதி வயல் தாண்டியதும் மேடம் நின்று, உதட்டில் விரல் வைத்தார். "கோரையைக் கொஞ்சம் விலக்கிப் பிடிங்க. நான் எண்ணிக்கிறேன்."

களைக்கொல்லி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்களே விலக்குங்க மேடம். இந்தக் கைய நம்ப முடியாது."

மேடம் விலக்கினார். உள்ளே கூடு, அதில் நாலு முட்டை. களைக்கொல்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்வாசலிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, மூட்டை கட்டவா, வேண்டாமா?"

கோழி மிரண்டுவிடுமே என்று அவர் வாயைத் திறக்கவில்லை. கட்டியிருந்த கையை மெல்ல எடுத்து, உட்கார் என்று சைகை காட்டினார்.