ஹாய்ட்டின் படகில் பின் இருக்கை

ஹாய்ட் லெட்பெட்டருக்கு அபிப்பிராயம் இல்லாத சாமான் எங்கள் ஊர்த் தூண்டில் கடையில் ஒன்றுகூடக் கிடையாது. அவன் உள்ளே நுழைந்தால் கடைக்காரர் முகம் சுருங்கிவிடும். வாங்க வந்தவர்களை வாங்கவிடாமல் அனுப்பிவைப்பான்.

"இத்தனை கலர்ல ரப்பர் புழு எதுக்குய்யா? கலங்கல் தண்ணின்னா கறுப்பு, தெளிஞ்ச தண்ணின்னா பச்சை. மத்ததெல்லாம் உங்க வீட்டம்மாகிட்ட திட்டு வாங்குறதுக்கு."

தண்ணீருக்கடியில் மீன் எங்கே நிற்கிறது என்று காட்டும் திரை வந்த புதிதில், அதை வாங்க நின்ற ஒருவரிடம், "டிவி பாக்கணும்னா வீட்ல சோபா இருக்குல்ல? ஏன் வெயில்ல வந்து காயுறீங்க?" என்று கேட்டுவிட்டான். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் ஹாய்ட்டின் உண்மையான வெறுப்பெல்லாம் பொத்தான் ரீல் மேல்தான். பொத்தானை அமுக்கினால் உருளையில் சுற்றிய தூண்டில் நரம்பு தானாக ஓடும், விட்டால் நிற்கும். பிள்ளைகள் பழகுவதற்கென்று பொம்மைப் படம் ஒட்டி விற்பார்கள். "அது ரீல் இல்ல, கிலுகிலுப்பை. அதைக் கையில பிடிச்சவன் என் படகுல கால் வைக்கக் கூடாது" என்பான். அவன் கையில் எப்போதும் கட்டைவிரலால் அடக்கி வீசுகிற ரீல்தான். விரல் இமைப்பொழுது தாமதித்தாலும் நரம்பு சிக்கிக் குருவிக்கூடாகிவிடும். அவனுக்குச் சிக்கி நான் பார்த்ததில்லை.

நான் டெல்பர்ட். பள்ளிக்கூட பஸ்கள் ரிப்பேர் பார்க்கிறவன். முப்பது வருஷமாகச் சனிக்கிழமை என்றால் ஹாய்ட்டின் படகில் பின் இருக்கை எனக்கு. அலபாமாவில் பாஸ் மீன் பிடிக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம். படகு யாருடையதோ அவன் முன்னால் நிற்பான். சின்ன மின்சார மோட்டாரின் மிதி அவன் காலடியில் இருக்கும். படகு எங்கே போகவேண்டும், எந்தக் கட்டை ஓரம் நிற்கவேண்டும் என்பதெல்லாம் அவன் இஷ்டம். தண்ணீரில் கிடக்கிற ஒவ்வொரு மரத்துக்கும் முதல் வீச்சு அவனுடையது. பின்னால் இருப்பவனுக்குக் கடைசிப் பந்திதான். பாயசம் மிச்சமிருந்தால் உண்டு.

அதற்காக ஹாய்ட் என்னைச் சும்மா விட்டுவைத்தான் என்று சொல்லமுடியாது. நான் போட்ட முடிச்சை நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். பிடிக்கவில்லை என்றால் கேட்காமலே பல்லால் கடித்து அறுத்துவிடுவான். "எச்சி தொடாம இறுக்கினியா? காஞ்ச முடிச்சு பெரிய மீனுக்குத்தான்டா அறும், சின்னதுக்கு அறாது." புழுவை மீன் தட்டியதும் நான் வெடுக்கென்று இழுத்தால் தலையில் அடித்துக்கொள்வான். "அது இப்பதான் கதவைத் தட்டுது. உள்ள வரட்டும். ராடைத் தாழ்த்து, தொய்வைச் சுத்து, நரம்பைப் பாரு. நரம்பு பக்கவாட்டுல நடந்துச்சுன்னா அப்ப இழு." ரப்பர் தவளையை வீசினால் தண்ணீரில் எழுந்த வளையம் அடங்கும்வரை அசைக்கக் கூடாது. வாழைப்பழம் படகில் ஏறக் கூடாது, ராசியில்லையாம். டப்பா சாசேஜும் உப்பு பிஸ்கட்டும் தவிர வேறு சாப்பாடு கொண்டுவந்தாலும் ஒரு பார்வை பார்ப்பான்.

இவ்வளவு தெரிந்த மனிதனிடம் ஒரு குறை இருந்தது. காற்றில் படகைப் பிடிக்க வராது. நல்ல மரமாகப் பார்த்து வருவோம். கிளையெல்லாம் தண்ணீருக்குள் போயிருக்கும், அடியில் மீன் இருக்கிறது என்று குருடனுக்கும் தெரியும். சரியாக அந்த நேரத்தில் படகின் மூக்கு வெளிப்பக்கம் திரும்பி, வால் உள்ளே ஆடிவிடும். மரம் என் எதிரே வந்து நிற்கும். "நாசமாப் போன காத்து! என்னடா வேடிக்கை பாக்குற, வீசித் தொலை!" என்று கத்துவான். எங்கள் வீட்டில் டிவிக்கு மேலே பாடம் பண்ணி மாட்டியிருக்கிற ஏழரை பவுண்டு மீன் அப்படி ஒரு காற்றில் கிடைத்ததுதான். பாவம், எவ்வளவு பெரிய ஆள், காற்றிடம் மட்டும் தோற்றுப்போகிறானே என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன்.

போன ஜனவரியில் காலைச் சாப்பாட்டின்போது அவன் கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. வலது கையும் காலும் வராமல் போயின. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம், "இந்தப் பந்தைப் பிசைஞ்சா மீன் வருமா தாயி?" என்று கேட்டானாம். வசந்தம் வந்தபோது ஊன்றுகோலுடன் நடந்தான். கை மட்டும் திரும்பவில்லை. ஒருநாள் நான் போனபோது படகின் மேல் 'விற்பனைக்கு' என்று ஒரு அட்டை தொங்கியது. எழுத்து வெர்னாவுடையது. வெர்னா அவன் மனைவி. அவன் சொல்லச் சொல்ல அழுதுகொண்டே எழுதினாளாம்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஃபோன் பண்ணினாள். "ஞாயித்துக்கிழமை ஹன்ட்ஸ்வில்லேருந்து ஒரு ஆள் படகு பாக்க வர்றான், டெல்பர்ட். படகு போச்சுன்னா இவரு நாற்காலியை விட்டு எந்திரிக்கவே மாட்டாரு. நாளைக்கு ஒரு தடவை தண்ணிக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கப்புறமும் விக்கணும்னா வித்துட்டுப் போகட்டும்."

சனிக்கிழமை விடிந்ததும் போனேன். ஹாய்ட் வீட்டுக்குப் பின்னால் ஏரியோரத்துப் படகு ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வெர்னா உள்ளேயிருந்து ஒரு ராடுடன் வந்தாள். பொத்தான் ரீல். படத்தைச் சுரண்டி எடுத்திருந்தாள், பசை மட்டும் மிச்சம். இடது கையால் சுற்றுவதற்குக் கைப்பிடியையும் மாற்றிப் பூட்டியிருந்தாள்.

"அதைத் தூக்கிக் குப்பையில போடு" என்றான் ஹாய்ட்.

"சரி, போடுறேன்" என்றாள் வெர்னா. "நீங்க வரவேண்டாம். டெல்பர்ட் மட்டும் போகட்டும். வாங்க வர்றவன்கிட்ட படகு நல்லா ஓடுதுன்னு சொல்லணும்ல?"

"யாரு, இவனா? என் படகையா?" ஹாய்ட்டின் கண்கள் பெரிதாயின. "பஸ்ஸைத் திருப்புற மாதிரி திருப்பி கல்லுல கொண்டுபோய் விடுவான்!"

"அப்ப கூடப் போய்ப் பாத்துக்குங்க."

அப்படித்தான் அவன் வந்தான், படகுக்குக் காவலாக. நான் முன்னால் ஏறினேன். பின் இருக்கையில் அவனை உட்காரவைத்து மிதவைச் சட்டை மாட்டினேன். பொத்தான் ரீலை வெர்னா அவன் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

முந்தின நாள் மழையில் ஏரி செம்மண் நிறத்தில் இருந்தது. கரையெல்லாம் டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. மீன் முட்டையிடக் கரையோரம் வருகிற காலம். காற்று பேருக்குக்கூட இல்லை. அப்படியிருந்தும் மிதியை மிதிக்கத் தெரியாமல் நான் படகை ஒரு மரப்பாலத்தில் மோதினேன். "கட்டெறும்பை மிதிக்கிற மாதிரி மிதிக்காதடா, லேசா!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு கட்டையோரம் கறுப்புப் புழுவை வீசினேன். தட்டியது. பொறுத்தேன். நரம்பு நடந்தது. இழுத்தேன். நல்ல மீன். அடுத்த கட்டையிலும் ஒன்று. திரும்பிப் பார்த்தபோது ஹாய்ட் பொத்தான் ரீலைக் கையில் எடுத்திருந்தான். இடது கையால் கோணல்மாணலாக வீசி, ராடை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தான். நான் கலைத்துவிட்டுப் போன இடங்களில் வீசிக்கொண்டிருந்தான். ஒன்றும் மாட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் திட்டுவதை நிறுத்திவிட்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ராடைக் கீழே வைத்தான்.

"போலாம்டா. பாத்தாச்சு" என்றான். இப்படியே கரையேறினால் நாளைக்குப் படகு போய்விடும்.

"அந்த ஓக் மரம் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றேன்.

புயலில் சாய்ந்து பாதி தண்ணீரில் கிடக்கிற மரம். நான் வீசினால் மீன் எனக்கு. அவனுக்கு வேண்டுமென்றால் மரம் வருவதற்கு முன்பே மூக்கை வெளியே திருப்பி, மிதியிலிருந்து காலை எடுத்து, வாலைத் தானாக உள்ளே போகவிட வேண்டும். சீக்கிரம் திருப்பினால் தூரமாகிவிடும், தாமதித்தால் கிளையில் இடிக்கும். நான் வீசாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். படகு ஒருமுறை மெல்ல வழுக்கி, வால் ஆடி நின்றது.

அந்த ஆட்டம் என் இடுப்புக்குத் தெரியும். முப்பது வருஷமாகப் பின் இருக்கையில் உட்கார்ந்து அனுபவித்த அதே ஆட்டம். எந்தக் காற்றும் படகை அப்படிக் கணக்காகத் திருப்பாது. கால்தான் திருப்பும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நல்லவேளை முதுகைக் காட்டி நின்றிருந்தேன்.

"என்னடா திருப்பிட்ட? மரம் உன் பக்கம்தான இருந்துச்சு?" என்றான் ஹாய்ட்.

"நாசமாப் போன காத்து" என்றேன்.

டாக்வுட் மரத்தில் ஒரு பூ அசையவில்லை. ஏரி கண்ணாடியாகக் கிடந்தது.

"காத்தா?" என்றான்.

"ஆமா. என்ன வேடிக்கை பாக்குற, வீசித் தொலை."

பொத்தானை அமுக்கும் சத்தம் கேட்டது. புழு இரண்டு கிளைகளுக்கு நடுவே போய் விழுந்தது. அவன் பொறுத்தான். நான் பொறுத்தேன். நரம்பு பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தது. அவன் உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தான். ராடை அக்குளில் இடுக்கிச் சுற்றினான், மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடியது, மறுபடி சுற்றினான். மீனை அள்ளும் வலையை எடுக்க நான் நெருங்கியதும், "கிட்ட வராத! வலையைத் தொட்ட, கொன்னுடுவேன்!" என்று கத்தினான். படகோரம் வந்ததும் ராடைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து இடது கையால் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கினான். நாலு பவுண்டாவது இருக்கும். முட்டை சுமந்த பெண் மீன். ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தண்ணீரில் வைத்து, அது தானாக வாலை அடித்துப் போகும்வரை பிடித்திருந்தான்.

"ஹாய்ட்" என்றேன். "அந்த ஏழரை பவுண்டு..."

"அன்னிக்குப் பலமான காத்து" என்றான், என்னைப் பார்க்காமல். "முடிச்சைக் காட்டு. நீ இறுக்கினது எனக்குப் பிடிக்கல."

நன்றி என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒற்றைக் கையாலேயே என்னை ஏரியில் தள்ளியிருப்பான். அதனால் இங்கே சொல்கிறேன். முப்பது வருஷம் தன் முதல் வீச்சை எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டு, படகு ஓட்டத் தெரியாதவன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டவன் அவன். இப்படி ஒருவனுக்குப் பின்னால் உட்காரக் கொடுத்துவைத்திருந்தேன்.

கரையில் வெர்னா கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள். "எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"மோசம்" என்றான் ஹாய்ட். "ஒரே காத்து. இவனுக்குப் படகைப் பிடிக்கத் தெரியல. அடுத்த சனிக்கிழமையும் கூடப் போய்த்தான் பழக்கணும். அந்த ஹன்ட்ஸ்வில் ஆளை வரவேண்டாம்னு சொல்லிடு."

வெர்னா ஏரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் போய்ப் படகிலிருந்த அட்டையைக் கழற்றினேன்.