காலில் நாடி பார்த்தவர் யாருமில்லை

முதலில் வந்தது மூக்கிலிருந்து வழிந்த குருதி. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, என் மகள் மைதிலிக்கு ஒன்பது வயது. அபிராமபுரத்தில் நாட்டிய வகுப்பு முடிந்து வெளியே வந்தவளின் பாவாடையெங்கும் சொட்டுச் சொட்டாகக் கறை.

"எல்லாம் சூடு மாமி," என்றார் நாட்டிய ஆசிரியை. "எண்ணெய் தேச்சு விடுங்கோ. அதோட இவளுக்கு உடம்பு வணங்கவே மாட்டேங்கறது. அரைமண்டில உக்காருடீன்னா, பத்து எண்றதுக்குள்ள கம்பம் மாதிரி எழுந்து நிக்கறா. சோம்பேறி!"

அரைமண்டி (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துத் தாழ்ந்து நிற்கும் ஆட்டநிலை) அவளுக்கு வாய்க்கவில்லை. தசை கடுத்தது. நானும் அதைச் சோம்பல் என்றே நம்பினேன்.

நான் அவள் படிக்கும் பள்ளியிலேயே தமிழ் கற்பிப்பவள். ஓர் ஒற்று மிகாவிட்டாலும் சிவப்பு மையால் சுழிப்பேன். 'சூடு' என்ற சொல்லை மட்டும் சுழிக்கவில்லை. வெள்ளிதோறும் அவள் உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தேன். ஊறிய வெந்தயத்தை மோரில் கலந்து கொடுத்தேன். கால் வலிக்கிறதென்று அவள் அழுதபோது பாதங்களைப் பிடித்துவிட்டேன். அவை சில்லிட்டிருந்தன. சூடு மிகுந்த உடம்பில் கால் மட்டும் ஏன் குளிர வேண்டும்? கையில் பிடித்திருந்தும் அந்த வினா எனக்கு எழவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சினக்கும் முதல் ஆள் நான்தான்.

தலைவலியும் சேர்ந்தபின், மயிலாப்பூரில் எங்கள் குடும்ப மருத்துவரிடம் சென்றோம். கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். மிகுதியாக இருந்தது. "குழந்தைக்கு ஏது பிரஷர்? மிஷின் மக்கர் பண்றது," என்று கருவியை மூடினார். மறுபடி பார்க்குமாறு வேண்டினேன். அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"வாத்தியாரம்மா இல்லையா சார்? எதைப் பாத்தாலும் தப்பாத்தான் தெரியும்."

என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இரண்டாண்டுகளைத் தின்றது.

பதினோராம் வயதில், பள்ளி மருத்துவ ஆய்வுக்குப் பயிற்சி மருத்துவர் ஒருவர் வந்தார்; இளம்பெண். மணிக்கட்டில் நாடி பார்த்தவர், காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தின்மேல் இரு விரல்களை வைத்தார். பிறகு மற்றப் பாதத்தில். பிறகு திரைக்குப் பின்னால் அழைத்துச் சென்று தொடையிடுக்கில். வகுப்பிலிருந்து என்னை அழைத்தார்கள்.

"கையில நாடி துள்ளுது டீச்சர். கால்ல தேடித் தேடிப் பார்த்துட்டேன், கிடைக்கவே இல்ல."

எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) காரணத்தைக் காட்டியது: பெருந்தமனிக் குறுக்கம். இதயத்திலிருந்து உடலெங்கும் குருதி கொண்டுசெல்லும் முதன்மைக் குழாய், பிறவியிலேயே ஓரிடத்தில் நெரிந்திருந்தது. தலைக்கும் கைகளுக்கும் செல்லும் கிளைகள் அதற்கு முன்பே பிரிந்துவிடுவதால் மேலே அழுத்தம் மிகுந்தது. கீழே கால்கள் பட்டினி கிடந்தன. அந்தக் கால்களைத்தான் நாங்கள் சோம்பேறி என்றோம்.

அறுவை மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. "விலாவுக்கு நடுவுல போய், குறுகின பகுதியை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் தைப்போம். அதுவரைக்கும் கீழே போற ரத்தத்தை நிறுத்தணும். தண்டுவடத்துக்கு ரத்தம் குறைஞ்சா, கால் விளங்காமப் போகலாம். அபூர்வம். ஆனா சொல்ல வேண்டியது என் கடமை."

மைதிலி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் சோம்பேறி இல்லேன்னு எழுதித் தருவேளா டாக்டர்?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"எல்லாரும்தான்."

அவர் எங்களைப் பார்த்தார். என் கணவர் இம்முறை சிரிக்கவில்லை.

அறுவை முடிந்தபின் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றேன். உயிர் பிழைத்துவிட்டாள் என்றார்கள். மயக்கம் தெளிந்து காலை அசைப்பாளா என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. கதவு திறந்தது; தரை துடைக்கும் அம்மாள் தலையை நீட்டினார்.

"இன்னாமா, சாமி கும்புட்டுக்கினே நிப்பியா? சிஸ்டர் கூப்புடுது, வா. உம் பொண்ணு கால ஆட்டிக்கினு கீது. போர்வைய ஒதைச்சுத் தள்ளுது!"

பாதத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பதினோராண்டுகளில் முதல் முறை.

வறண்ட உதட்டோடு மைதிலி முணுமுணுத்தாள். "அம்மா, கால்ல என்னமோ அடிச்சுக்கறது. பயமா இருக்கு."

தன் நாடியைக் கண்டே ஒரு குழந்தை அஞ்சுமாறு செய்தோம். அந்தச் சினம் இன்னும் தணியவில்லை, தணிக்கவும் விரும்பவில்லை. காலம் தாழ்த்தியதால் அழுத்தம் முழுதும் இறங்கவில்லை. நாள்தோறும் மாத்திரை உண்டு. வீடு திரும்புகையில் தந்த தாளில் தையல் விவரமும் மருந்தின் பெயர்களும் இருந்தன. அவள் கேட்ட வரி இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன்: என் மகள் சோம்பேறி அல்லள்.

குழந்தையின் கால் ஓயாமல் குளிர்ந்தால், ஓடியாடும்போது தளர்ந்தால், மருத்துவரிடம் பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லுங்கள். சிரித்தால், சிரித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள். நாடி பார்க்கக் கருவி வேண்டாம். இரண்டு விரல் போதும்.

முன்பெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து அவளை எழுப்புவேன். இப்போது பாதத்தில் விரல் வைத்து இருபது துடிப்பு எண்ணிய பிறகே எழுப்புகிறேன். பள்ளிக்கு நேரமானால் ஆகட்டும். "விடும்மா, கூசறது!" என்று காலை வெடுக்கென இழுத்துக்கொள்வாள். அவ்வாறு இழுக்கும் வலிமைக்காகவே மறுபடியும் பிடிக்கிறேன்.