கை அலம்பாத பந்தி

ஸ்ரீவராகத்தில் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் என் நடை தானாக மெதுவாகிவிடுகிறது. தார்ச் சாலைக்கு அடியில், ஆள் குனிந்து நடக்கும் அகலமுள்ள பழைய செங்கல் சாக்கடைக்குள், நாங்கள் சுற்றி வைத்த புதுக் குழாய் கிடக்கிறது. ஊர்க் கழிவுத் தண்ணீர் ஓயாமல் அதன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு நினைவுக்கு வருவதோ, மேலே நின்ற கல்யாண வீட்டு மாமிதான்.

அப்போது நான் அந்த வேலைக்கு சைட் இன்ஜினீயர். சாக்கடையை அடைத்துவிட்டுப் பழுது பார்க்க முடியாது. தண்ணீர் எங்கே போகும்? பெரும் பங்கைப் பம்பு வைத்துத் தெருவோரக் குழாயில் திருப்பிவிட்டு, மிச்ச ஓட்டத்தில் கணுக்கால் நனைய நின்றுகொண்டு, உள்சுவரை ஒட்டிப் பிளாஸ்டிக் பட்டையைச் சுருள் சுருளாகச் சுற்றி, பழையதற்குள் புதுக் குழாய் ஆக்குவோம். தொடங்கிவிட்டால் பாதியில் விட முடியாது. அதனால்தான் கல்யாணத்தன்றும் எங்கள் பம்புக் குழாய் மாமி வீட்டுப் பந்தலை உரசிக்கொண்டு கிடந்தது. காலையிலேயே மாமி என் எதிரே வந்து நின்றார்.

“இன்னிக்கு என் பொண்ணுக்குக் கல்யாணமாக்கும். இந்த நாத்தத்துல எப்படி எல போடறது? நீயும் ஒரு பொண்ணுதானே?”

பதிலுக்கு நிற்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம், பந்தி எழுந்திருக்கும் வேளையில் பம்பு நின்றது. துணி சிக்கியிருந்தது. கீழே இரண்டு பேர், ஏறி வரும் மேன்ஹோல் வாயிலிருந்து வெகு தள்ளி. தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டதாக வாக்கிடாக்கியில் குரல் வந்தது. அந்தத் தெரு வீடுகளின் தண்ணீரெல்லாம் அவர்களை நோக்கித்தான் வந்து விழும். பந்தலுக்குள் ஓடினேன்.

“கீழ ரெண்டு பேர் இருக்காங்க மாமி. தண்ணி விடாதீங்க.”

மாமி என்னை ஒரு கணம் பார்த்தார். குழாயடிக்குப் போய், கை அலம்பிக்கொண்டிருந்தவரின் தோளைத் தாண்டிக் கையை நீட்டிக் குழாயை மூடினார். “ஆரும் கை அலம்பப்டாது. பூமிக்கடியில ரெண்டு பேர் நிக்கறா.” சமையற்கட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் அவரே போய்ச் சொன்னார்.

தெரு அடங்கிப்போயிற்று. பட்டுப்புடவைகளும் வேட்டிகளுமாக ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வலக்கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி, மேன்ஹோலைப் பார்த்து நின்றார்கள். விரல்களில் பாயசம் காய்ந்துகொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணும் அப்படித்தான் நின்றாள். வெயில் பந்தல் ஓலை வழியே அவர்கள்மேல் பொட்டுப் பொட்டாக விழுந்து அசைந்தது. யாரோ காணும் கனவுக்குள் நானும் நிற்பதுபோலிருந்தது.

முதலில் ஒரு மஞ்சள் தொப்பி தெரிந்தது. பிறகு இன்னொன்று. இரண்டாவதாக ஏறியவர், நாங்கள் வள்ளியூர் அண்ணன் என்று கூப்பிடும் மூத்த தொழிலாளி; விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சுற்றிலும் பார்த்தார்.

“என்ன மேடம், எல்லாரும் கைய நீட்டிக்கிட்டு நிக்காவ?”

நான் குனிந்து அவர் தொப்பியை வாங்கிக்கொண்டேன். மாமி அவர் அருகில் வந்தார். என்னைக் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டார்.

“இனி அலம்பலாமோ?”

அவர் திரும்பி, கீழே இருட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். “அலம்புங்கம்மா. கீழ ஆளில்ல.”

கூட்டம் மெல்ல உள்ளே திரும்பியது. நான் அந்த வாயருகிலேயே நின்றேன். வீடு வீடாகக் குழாய்கள் திறக்கும் ஓசை கேட்டது. சற்றுப் பொறுத்து, என் காலடியில், கல்யாணத் தண்ணீர் முழுதும் ஒன்றாகச் சலசலத்து வந்தது.