மொட்டு கிள்ளியவர்

காலை ஆறேகாலுக்குத் தருமபுரத்தில் வாடகைக்கு மாடி பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி, மதிலுக்கு அந்தப் பக்கம் சாய்ந்து, கொடிரோஜாவில் மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். வெள்ளை பனியன், ஒட்டிய கன்னம். கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தார். தொழுவுரம் வைத்து, கம்பியில் பக்குவமாகக் கட்டிவிட்ட செடி. ஒரு பூகூட இல்லை.

“மொட்டை ஏங்க கிள்ளுறீங்க?”

“வெயிலப் பாத்து அந்தாண்ட போயி பூக்குது. அது தம்பி வூடு. அவன் பொண்டாட்டி எட்டிப் பறிக்கிறா.”

“தலைக்கு ஒரு பூ எடுத்தா என்னங்க?”

“தலைக்கில்ல, அவன் படத்துக்கு. வேரு என் மண்ணுல இருக்கு. செத்த பெறவும் என் பூதான் வேணுமா அவனுக்கு?”

“அப்ப செடியையே வெட்டிடலாமே?”

“செடி இருந்தாத்தான் அவளுக்கு ஒறைக்கும்” என்றபடி கீழே இறங்கினார். “மாடிக்கு வர்றதுன்னா வாங்க. ஆனா அந்த வூட்டோட பேச்சு வச்சுக்கக் கூடாது.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்துச் சுவரில், அதே ஒட்டிய கன்னத்தோடு ஒருவரின் படம் மாட்டியிருந்தது. அதற்குப் பிளாஸ்டிக் ரோஜா மாலை போட்டிருந்தார்கள்.