விலை அச்சிடாத தபால்தலை

வெந்நீரில் ஊறும் பசையின் வாசனை... உறைத்துண்டிலிருந்து தபால்தலை தானாகக் கழன்று மிதக்கும்போது வருமே, அது.

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த நாட்களில், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் பெண்களுக்கு அதுதான் வேலை. பழைய தபால்தலைகளை ஊறவைத்து, உலர்த்தி, நாடுவாரியாக, விலைவாரியாகப் பிரித்து, மிஷனுக்காக விற்க அனுப்புவோம். நான் கான்வென்ட்டில் படித்தவள். ஓரத்தில் ஒரு பல் கிழிந்திருந்தாலும் ஒதுக்கிவிடுவேன்.

ஒரு ஞாயிறு, லண்டனில் நர்ஸாக இருந்த என் தங்கை ஸ்டெல்லாவின் கடித உறையைக் கொண்டுபோனேன். தபால்தலைகளில் அரசியின் முகம், பக்கத்தில் ‘ஃபர்ஸ்ட்’ என்ற குறி. விலை இல்லை. நாட்டின் பெயரும் இல்லை.

பிரிக்கும் மேசைக்குப் பொறுப்பு ரெஜினா அக்கா. ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஏம்மா லில்லி, இதென்னா, ஓட்டப்பந்தயத்துல குடுத்த பரிசா? உன் தங்கச்சி ஓசியிலயே லெட்டர் போடுறா போல!”

ஹால் முழுக்கச் சிரிப்பு. பஸ்ஸில்கூட டிக்கெட் இல்லாமல் ஏறாத குடும்பம் எங்களுடையது. முகம் சுட்டது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஸ்டெல்லா வந்ததும் நேரே ஹாலுக்கு அழைத்துப் போனேன்.

ரெஜினா அக்காவின் கேலியைச் சொல்லியும் அவள் கோபப்படவே இல்லை. அவரிடமே விளக்கினாள். “அக்கா, அங்க சீக்கிரம் போற தபால், மெதுவாப் போற தபால்னு ரெண்டு இருக்கு. இது சீக்கிரம் போறதுக்கு. இன்னிக்கி வெலைக்கு வாங்கி வெச்சுக்கலாம். நாளைக்கு வெல ஏறினாலும் அதுக்கு மேல எதுவும் ஒட்ட வேணாம். வெளிநாட்டுக்குன்னா ரெண்டு மூணு ஒட்டுவேன், அவ்ளோதான்.”

“நாட்டுப் பேரு?” ரெஜினா அக்கா விடவில்லை.

“தபால்தலைய மொதல்ல போட்டதே அவங்கதான்க்கா. ராணி மொகமே போதும்.”

“அப்ப மூட்டையா வாங்கி அடுக்கு! ஒருநாள் செல்லாதுன்னுருவாங்க, பாரு.”

“செல்லும்க்கா. சொன்னா சொன்னதுதான்.”

ரெஜினா அக்கா ஒரு காலி பிஸ்கட் டப்பாவை எடுத்து, அந்தத் தலைகளை உள்ளே போட்டு, மேலே ‘ஸ்டெல்லா’ என்று எழுதி மேசையில் வைத்தார்.

ஒரு நாடே தன் சொல்லை அந்தச் சின்னக் காகிதத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கிறது என்று எனக்கு அன்று பிரமிப்பு. இன்றும்தான்.

இப்போது அந்த ஹாலில் தண்ணீர்த் தட்டு இல்லை. வீட்டுக்கு வருவதெல்லாம் கூரியர் பொட்டலம். வாசலில் ஓடிபி கேட்கிறார்கள். ஸ்டெல்லா அங்கேயே ஓய்வு பெற்றுவிட்டாள். சில வருடங்களுக்கு முன் அந்த நாட்டுத் தபால்தலைகளில் பார்கோடு வந்தது. பழையவற்றை ஒட்டினால் செல்லாதாம். கேட்டதும் ஸ்டெல்லாவிடம் விசாரித்தேன்.

ஆனால் அவள் வாங்கி ஒட்டாமல் வைத்திருந்த பழையவற்றை மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் சில்லறைக்கு வாங்கியதற்கு, இன்று பல மடங்கு விலை போகும் புதுத் தலை... ஒரு பென்னி கூடுதலாகக் கேட்கவில்லை.

ஜூஜுவாடியில் மகன் வீட்டிலிருக்கும் ரெஜினா அக்காவை உடனே ஃபோனில் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

“பரவால்லியே லில்லி... உன் தங்கச்சி சொன்னபடியே அவங்க நடந்துக்கிட்டாங்களே.”

ஃபோனை வைத்த பிறகும் வெகு நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.