நான் அண்ணாந்து குடித்த தண்ணீர்

அந்தத் தண்ணீரில் டீசல் கலந்திருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சபை நடுவே நின்று அதைக் குடித்தேன். கலக்கவிட்டவனும் நானேதான்!

என்னை யாரென்று நினைப்பீர்கள்? சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் வந்து இறங்கியபோது டெனிஷில் நன்றி சொல்லக்கூடத் தெரியாது. பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் குளிருக்குள் நின்றேன். பிறகு பிறத்தியாரின் லொறி ஓடினேன், பிறகு என் சொந்த லொறி... இன்று பட்டணத்துக்கு வெளியே கிரவல் கல் தோண்டி எடுக்கும் பெரும்பள்ளம், ஒரு கிடங்கு முழுவதும் என்னுடையது. இந்தப் பக்கத்துப் புது வீதிகளைக் கிளறிப் பாருங்கள், அடியில் என் கிரவல் கிடக்கும்! பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர்மார் என் வாசலில் காத்து நின்றிருக்கிறார்கள்.

பெருமை பேசுகிறேன்தான். இதைப் பேசாவிட்டால் அடுத்ததைச் சொல்ல எனக்குத் துணிவு வராது.

கிடங்கைத் தோண்ட எனக்கிருந்த அனுமதி முடியப்போகிற காலம் அது. மேலும் சில வருடங்கள், கிழக்குப் பக்கமாகத் தோண்டக் கேட்டிருந்தேன். கிடைக்காவிட்டால் மண் அள்ளும் பெக்கோ இயந்திரங்களை நிறுத்திவிட்டுப் படலையைச் சாத்த வேண்டியதுதான். நான் தூங்கவில்லை. சோறு இறங்கவில்லை. தொலைபேசி அடித்தால் நெஞ்சு அதற்கு முன்னே அடித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கிடங்கின் அடியில் நிற்கும் டீசல் தாங்கியின் குழாய் கழன்றது. வெள்ளிக்கிழமை அதைப் பூட்டியவன் நான். என்னிடம் பெக்கோ ஓட்டும் குலம் என்பவன், மெக்கானிக்கைக் கூப்பிடுவோம் என்றான். "இதுக்கொரு மெக்கானிக்கோ? தள்ளடா, நான் பூட்டுறன்!" என்று அவன் கையிலிருந்த ஸ்பானரைப் பறித்தேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் தாங்கி வெறுமை. மணல் கறுத்துக் கிடந்தது.

"அண்ணை, இது நிலத்தடித் தண்ணிக்குப் போயிடும். கொம்யூன் நகரசபைக்குச் சொல்லுவம்."

"இப்ப வாய் திறந்தியோ, எனக்குக் கிடங்கும் இல்லை, உனக்கு வேலையும் இல்லை. மண்ணைப் போட்டு மூடு."

மூடினான்.

கிழக்கு எல்லையில் ஈங்கர் இருக்கிறாள். எண்பது வயது தாண்டிய தனிக் கிழவி. ஊர்க்குழாய் அவள் வீட்டுக்கு வரவில்லை. அவள் புருஷன் வெட்டுவித்த கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும். நான் கிடங்கை வாங்கியபோது இந்தச் சுற்றுவட்டாரத்தில் கேக்கோடு வந்து கை குலுக்கிய ஒரே மனிசி அவள். மற்றவர்கள் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்ததோடு சரி.

சில மாதம் கழித்து அவள் சொல்லத் தொடங்கினாள். கோப்பியில் கராஜ் மணக்கிறதாம். வயதானால் நாக்குப் பழுதாகும் என்று அவள் மகன் சிரித்தானாம். நானும் சிரித்தேன். ஐயோ, நானும் சிரித்தேன்!

பிறகு அந்தக் கூட்டம். அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்து, ஊர் மண்டபத்தில் அயலவரை இருத்திக் கருத்துக் கேட்டாள். புழுதி என்றார்கள், லொறிச் சத்தம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் என் உடைந்த டெனிஷில் மறுமொழி வைத்திருந்தேன். கடைசியாக ஈங்கர் எழும்பினாள். கையில் ஒரு கண்ணாடிச் சாடி நிறையத் தண்ணீர்.

"எனக்கு இவனோடு கோபமில்லை. ஆனால் இதை யாராவது மணந்து பாருங்கள்."

அதிகாரி கையை நீட்டினாள். நான் முந்திக்கொண்டேன்.

சாடி என் கைக்கு வந்ததுமே மணம் அடித்தது. மெல்லிய மணம்தான். ஆனால் லொறியில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு அது போதும். அந்த ஒரு மூச்சு நேரத்தில் எத்தனை யோசித்தேன் தெரியுமா? உண்மையைச் சொல்லலாம் என்றுகூட யோசித்தேன். நம்புவீர்களா?

"எங்கள் ஊரில் நல்ல தண்ணீரை இப்படித்தான் குடிப்போம்!" என்றேன். தலையை அண்ணாந்தேன். சாடியை உயர்த்தி, உதட்டில் படாமல் நேரே தொண்டைக்குள் ஊற்றினேன். நம் ஆட்கள் எச்சில் படக்கூடாதென்று செய்வதை, நான் நாக்கில் படக்கூடாதென்று செய்தேன். சாடி காலியாகும்வரை நிறுத்தவில்லை. மணந்து பார்க்கவோ, போத்தலில் எடுத்துப்போகவோ ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை.

மண்டபம் கைதட்டியது! அதிகாரியும் சிரித்தாள். ஈங்கர் வெறும் சாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியென்றால் என் நாக்குத்தான்..." என்றாள் மெல்ல. தன் முறைப்பாட்டைத் தானே திரும்ப எடுத்துவிட்டாள்.

வீடு போகும் வழியெல்லாம் எனக்கு டீசல் ஏப்பம். வண்டி ஓட்டிய குலம் வீதியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான்: "ருசி எப்பிடி அண்ணை?"

அனுமதி கிடைத்தது. ஹோர்சன்ஸில் எங்கள் சனம் எனக்கு மாலை போடாத குறை. "டெனிஷ்காரருக்கே தண்ணி குடிக்கப் பழக்கிப்போட்டியள் அண்ணை!" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறேன். என்ன மனிதன் நான்?

கறுத்த மணலைத் தோண்டி அள்ளியிருக்கலாம். இப்போதும் அள்ளலாம். ஆனால் அள்ளினால் கொம்யூன் ஏன் என்று கேட்கும்... அந்த ஏன் என்ற சொல்லுக்குப் பயந்தே ஒவ்வொரு நாளும் கிழக்குப் பக்கம் பாராமல் கிடங்குக்குள் இறங்குகிறேன். ஈங்கர் வீட்டுப் புகைபோக்கியில் புகை கண்டால்தான் மூச்சு வருகிறது. அவள் இருமினாள் என்று யாரும் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன். கிழவிகள் இருமுவார்கள்தானே? நீங்களே சொல்லுங்கள், இருமுவார்கள்தானே!

போன கிழமை அவள் வேலியடியில் கை காட்டிக் கூப்பிட்டாள். போனேன். குசினிக்குள் இருத்தி, "உனக்கொன்று காட்ட வேண்டும், செல்வம்" என்றாள்.

கிணற்றுத் தண்ணீர் வரும் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்தாள். ஒரு கையால் மேசையைப் பற்றிக்கொண்டு, அந்த மெலிந்த கழுத்தை மெதுவாக அண்ணாந்தாள். கிளாஸை உயர்த்தி ஊற்றினாள். பாதி நாடியில் வழிந்தது. மீதியை விழுங்கினாள். குழந்தையைப்போலச் சிரித்தாள்.

"நீ காட்டித் தந்த மாதிரி. இப்படிக் குடித்தால் ஒரு மணமும் தெரியவில்லை! நாள் முழுக்க இப்படித்தான் குடிக்கிறேன்."

பிறகு எனக்கும் ஒரு கிளாஸ் பிடித்து நீட்டினாள்.

குடித்தேன்... அண்ணாந்துதான்.